நெல் க்வின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

ஆங்கில மேடையின் முதல் தலைமுறை நகைச்சுவை நடிகைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் நெல் க்வின். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "மன்னர் இரண்டாம் சார்லஸின் காதலி" என்று ஆரம்பித்து, அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மேடையில் அவர் செய்ததெல்லாம் ஒரு வரிக்குள் அடங்கிப்போகிறது. எனக்கு அது ஆறவே இல்லை. அதனால் பழைய காலத்து நடிகை ஒருவரை நடிகையாகவே எழுதுவது எப்படி என்று இவரையே வைத்துச் சொல்கிறேன். ஒரு நோட்டும் இணைய வசதியும் இருந்தால் போதும்.

படி 1: முதலில் மேடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1642-ல் பியூரிட்டன்கள் (கேளிக்கைகளை வெறுத்த, கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர்) கையோங்கிய இங்கிலாந்து நாடாளுமன்றம் நாடகக் கொட்டகைகளை மூடியது. இடையில் இல்லாமல் போயிருந்த மன்னராட்சி 1660-ல் திரும்பியதும் லண்டனில் இரண்டே குழுக்களுக்கு உரிமம் கிடைத்தது. தாமஸ் கில்லிக்ரூ நடத்திய மன்னர் குழுவில்தான் நெல் பின்னாளில் சேர்ந்தார். 1660 வரை ஆங்கில மேடையில் பெண் வேஷம் கட்டியது பையன்கள். அந்த வருஷம் டிசம்பரில்தான் ஒரு பெண், ஷேக்ஸ்பியரின் "ஒதெல்லோ" நாடகத்தில் நாயகி டெஸ்டிமோனாவாக மேடையேறினார். ஆக, நெல் நடிக்க வந்தபோது பார்த்துப் பழக மூத்த தலைமுறை நடிகை என்று யாரும் கிடையாது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: வருஷக் கோடு போடுங்கள்

1650-ல் பிறந்ததாக ஒரு பழைய ஜாதகம் சொல்கிறது. பிறந்த ஊர் என்று ஹெரிஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் மூன்றுமே சொந்தம் கொண்டாடுகின்றன. மூன்றையும் குறித்துவிட்டு மேலே போங்கள். 1663-ல் லண்டனின் பிரிட்ஜஸ் தெருவில் மன்னர் குழுவின் புதுக் கொட்டகை திறந்தது. பழம் விற்கும் உரிமம் மேரி மெக்ஸ் என்ற பெண்ணிடம் இருந்தது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நெல் ஆரஞ்சு விற்றார். ஒரு பழம் ஆறு பென்ஸ். கூட்டத்தின் கேலிக்குப் பதில் கொடுத்துக்கொண்டே விற்க வேண்டிய வேலை அது. அவருடைய முதல் நடிப்புப் பள்ளி அதுதான் என்பது என் கணிப்பு. அப்புறம் அதே குழுவின் நடிகர்களான சார்லஸ் ஹார்ட் நடிப்பும் ஜான் லேசி நடனமும் சொல்லிக்கொடுத்தார்கள். 1665 ஜூனில் கொள்ளைநோயால் கொட்டகைகள் மூடின. அடுத்த வருஷக் கடைசியில்தான் திறந்தன. 1671-ல் மேடையை விட்டார், 1687-ல் இறந்தார். மூடிக் கிடந்த மாதங்களைக் கழித்தால், அவர் நடித்தது சுமார் ஐந்து வருஷம்தான்.

படி 3: நேரில் பார்த்தவரைக் கேளுங்கள்

சாமுவேல் பீப்ஸ் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நாடகப் பைத்தியம். அவருடைய நாட்குறிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு நாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1667 மார்ச் 2: அக்காலக் கவிஞரும் நாடகாசிரியருமான ஜான் டிரைடனின் நாடகத்தில் ஃபுளோரிமெல் என்ற பாத்திரமாக நெல் வந்ததைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு நகைச்சுவை நடிப்பு உலகத்தில் இதுவரை இருந்ததே இல்லை என்று எழுதுகிறார். ஆண் உடையில் இளைஞனாக வந்தபோது நடை, தோரணை எல்லாமே நிஜ ஆணைவிடப் பொருந்தினவாம். அதே வருஷம் டிசம்பர் 28: சிரிப்பு வேஷத்தில் இவரை யாராலும் பின்பற்ற முடியாது, ஆனால் கனமான வேஷத்தில் எவ்வளவு மோசமாகச் செய்கிறார் என்று ஆச்சரியப்படுகிறார். பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடாதீர்கள். நெல் என்ன மாதிரி நடிகை என்பது இந்த இரண்டாவது குறிப்பில்தான் தெளிவாகிறது.

படி 4: அவருக்காக எழுதிய வரிகளைப் படியுங்கள்

1669-ல் டிரைடனின் ஒரு சோக நாடகம் (Tyrannick Love). சக்கரவர்த்தியின் மகளாக நெல் தன்னையே குத்திக்கொண்டு சாகிறார். நாடகம் முடிந்து, பிணத்தைத் தூக்க ஆள் வருகிறார்கள். பிணம் எழுந்து, "நில்லுடா, உனக்கென்ன பைத்தியமா? முடிவுரையை நான்தான் சொல்லணும்!" என்று கத்துகிறது. அப்புறம், நெல்லியை (நெல்லின் செல்லப் பெயர்) காதலுக்காகச் சாக வைத்த கவிஞன் ஒரு மண்டு என்று சபையிடமே புகார் சொல்கிறது. பீப்ஸ் கண்ட குறையை டிரைடனும் கண்டிருக்க வேண்டும். அவர் அதையே சிரிப்பாக்கி நெல்லின் கையில் கொடுத்துவிட்டார். இந்த முடிவுரையை உரக்கப் படியுங்கள், குரல் கேட்கும்.

படி 5: கதைகளைத் தனியாக வையுங்கள்

செல்சியில் முதிய படைவீரர்களுக்கான இல்லத்தைக் கட்டச் சொன்னதே நெல்தான் என்பார்கள். அக்காலச் சான்று இல்லை. இப்படிப்பட்டவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பயன்படுத்தினால் "என்று சொல்வார்கள்" சேர்த்தே பயன்படுத்துங்கள்.

படி 6: எழுத ஆரம்பியுங்கள்

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அந்தப் பிணம் எழுந்த நொடியிலிருந்து தொடங்குங்கள். ஆரஞ்சுக் கூடை, ஹார்ட், பீப்ஸ் எல்லாம் வந்த பிறகு மன்னர் வரட்டும். சரி, மன்னர் வந்ததும் நடிகை காணாமல் போய்விடுவாரே என்றால், இதைச் சேருங்கள்: 1670 மே மாதம் மன்னருக்கு ஒரு மகனைப் பெற்றெடுத்த நெல், அந்தக் குளிர்காலமே டிரைடனின் புது நாடகத்தில் நடிக்கக் கொட்டகைக்குத் திரும்பினார்.