சோயா மெழுகுவர்த்தி: எந்தச் சூட்டில் ஊற்றினால் வழவழப்பாக வரும்?

மெழுகு பாக்கெட்டில் போட்டிருக்கும் ஊற்றும் வெப்பநிலையை நான் ஒரு தொடக்கமாக மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். மே மாதச் சென்னைச் சமையலறைக்கு அது தனியாகச் சோதிக்க வேண்டிய விஷயம்.

ஒரே மாதிரி நான்கு கண்ணாடி டம்ளர், ஒரே திரி, ஒரே எடை மெழுகு. மாற வேண்டியது சூடு மட்டும். கொதிநீரின் மேல் பாத்திரம் வைத்து 80–85 டிகிரி செல்சியஸ் வரை உருக்கி, வாசனை எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். பிறகு 70, 65, 60, 55 டிகிரியில் ஒவ்வொன்றாக ஊற்றி, டம்ளர் அடியில் சூட்டை எழுதி ஒட்டுங்கள். தெர்மாமீட்டர் முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கணக்கே தப்பு. ஃபேன், ஏசி இரண்டும் வேண்டாம்.

மறுநாள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். திரியைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் சூடு அதிகம். உடைந்த தயிர்போல் திட்டுத்திட்டாக இருந்தால், ரொம்ப ஆறவிட்டு ஊற்றியிருக்கிறீர்கள். வெள்ளையாகப் பூத்தால் பதற வேண்டாம், அது சோயாவின் சுபாவம், எரிவதைக் கெடுக்காது. தேறியதை இரண்டு வாரம் மூடி வைத்து எரித்துப் பாருங்கள். மேலே கண்ணாடிபோல் இருந்து, உள்ளே ஓட்டை ஒளிந்திருப்பதும் உண்டு.