பெங்களூரு வாடகை வீட்டுக்கு ஒரு ரூட்டர்: குறைந்த பட்ஜெட்டில், கேம் திணறாமல்

ரூட்டர் வாங்கக் கிளம்பும் முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கி ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, இப்போது வீட்டில் இருக்கும் ரூட்டருக்கே விடாமல் பிங் அனுப்புங்கள் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று பார்க்கும் சோதனை இது). அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளிலும் போட்டிருக்கும். பக்கத்திலேயே இன்னொரு விண்டோவில், வீட்டுக்கு வெளியே இருக்கும் கூகுளின் சர்வரான 8.8.8.8க்கும் அனுப்புங்கள். இரண்டையும் ஓடவிட்டு, வழக்கமாக விளையாடும் இடத்தில் உட்கார்ந்து, வழக்கமாக விளையாடும் நேரத்தில் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் தொல்லையை மதியம் இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

ரூட்டருக்குப் போகும் பிங் ஒற்றை இலக்கத்தில் நிலையாக நிற்கிறது, வெளியே போவது மட்டும் குதிக்கிறது என்றால் உங்கள் வைஃபையில் குறை இல்லை. லைனில் ஏதோ கோளாறு, இல்லையென்றால் வீட்டில் யாரோ பெரிய ஃபைல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். லைன் கோளாறு என்றால் எவ்வளவு விலை கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் அது போகாது, கனெக்‌ஷன் கொடுத்தவரிடம்தான் புகார் சொல்ல வேண்டும். மாறாக, நாலடி தள்ளி இருக்கும் ரூட்டருக்கே 80, 150 என்று வந்து நடுநடுவே டைம் அவுட்டும் ஆகிறதா? அப்போது கோளாறு வைஃபையில்தான். இனிமேல் சொல்வதெல்லாம் உங்களுக்குப் பயன்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிங்கை ரூட்டரால் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. உதாரணத்துக்கு வேலரன்ட் என்ற ஆன்லைன் கேமின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது, இங்கிருந்து சாலைக் கணக்கில் சுமார் 1,000 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் போய்வரவே 10 மில்லி செகண்டு ஆகிவிடுகிறது. நடுவில் உள்ள ஸ்விட்சுகளும் சுற்று வழிகளும் இதற்கு மேல். நல்ல ரூட்டர் அந்தப் பிங்கை ஒரே இடத்தில் நிற்க வைக்கும், அவ்வளவுதான். ஆனால் விளையாடுபவருக்கு வேண்டியதும் அதுதான். 35இல் அசையாமல் நிற்கும் லைனில் நிம்மதியாக ஆடலாம். 20க்கும் 120க்கும் நடுவே ஊசலாடும் லைனில் குறி வைக்கவே முடியாது.

சரி, வீட்டுக்குள் எந்த வகைக் கனெக்‌ஷன் வருகிறது என்று பாருங்கள். ஃபைபர் நேராக உள்ளே வந்தால் அதை வாங்கிக்கொள்ளும் ஓஎன்டி பெட்டி கம்பெனிக்காரர் கொடுத்ததாக இருக்கும், பெரும்பாலும் அதிலேயே வைஃபையும் இருக்கும். அதைக் கழற்றி வீச முடியாது. புது ரூட்டர் அதற்குப் பின்னால்தான் உட்காரும். பல தெருக்களில் கட்டடம் வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்குள் சாதாரண ஈதர்நெட் கேபிள் மட்டும் நுழையும். அந்தக் கேபிளை நேராக ரூட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளி நெட் நுழையும் துளையில், சொருகினால் போதும். இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு: சில கம்பெனிகள் பழைய ரூட்டரின் மேக் (MAC) முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, பூட்டி வைத்திருக்கும், புதியதை மாட்டியதும் நெட் வராது. அவர்களுக்கு போன் செய்து மாற்றச் சொல்லலாம், அல்லது செட்டிங்கில் மேக் குளோன் என்று இருக்கும் இடத்தில் பழைய முகவரியைப் போடலாம். பழைய ரூட்டரை யாருக்காவது கொடுப்பதற்கு முன் அதன் லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரூட்டர். "அண்ணா, நாலு ஆன்டெனா வாங்கலாமா, ஆறு வாங்கலாமா?" என்றுதான் பிஜியில் தங்கியிருக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். ஆன்டெனாவை எண்ணாதீர்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் போர்ட்டுகளின் வேகம் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். குறைந்த விலை ரூட்டர்களில் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான். முன்பக்கம் ஏசி1200 என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி மேலே தள்ளி எழுதிய எண் அது. எந்த ஒரு போனும் அந்த 1,200ஐ ஒரே நேரத்தில் பார்க்கப் போவதில்லை. அதே பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 10/100 என்று போட்டிருந்தால், வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் வெளியிலிருந்து வருவது 95 எம்பிபிஎஸ் அருகில் நின்றுவிடும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாசாமாசம் காசு கட்டி பாதியைத்தான் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். 10/100/1000 அல்லது கிகாபிட் என்று தெளிவாக இருக்க வேண்டும், வேன் போர்ட், வீட்டுக் கருவிகளைச் சொருகும் லேன் (LAN) போர்ட் இரண்டிலும்.

உதாரணத்துக்கு டிபி-லிங்க்கில் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200தான், பார்க்கவும் சொந்தக்காரர்கள் போலத்தான் இருக்கும். சி50இல் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள், சி6இல் கிகாபிட். ஷாவ்மியின் எம்ஐ 4ஏவிலும் இதே கதை: சும்மா 4ஏ ஒன்று, 4ஏ கிகாபிட் எடிஷன் என்று இன்னொன்று. ஆன்லைனில் பெயரின் முதல் பாதியை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

போர்ட் சரியாக இருந்தும் 95ஐத் தாண்டவில்லையா, கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற அந்த ஆர்ஜே45 கிளிப்புக்குள் எட்டு நிறக் கம்பிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஜோடி ஒன்று. அவசரத்தில் கிரிம்ப் செய்தவர்கள் (கிளிப்பைக் கம்பிகளோடு அழுத்திப் பொருத்தியவர்கள்) நாலு கம்பியை மட்டும் சேர்த்து, நீலத்தையும் பழுப்பையும் வெட்டி விட்டிருப்பார்கள். நாலு கம்பியில் 100 எம்பிபிஎஸ் வரும், கிகாபிட் வராது. லைன்மேனை வரச் சொல்லி எட்டையும் சேர்த்து மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். புது ரூட்டரே தேவைப்படாமல் இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்தாலும் தீரும்.

வைஃபை அலைவரிசைக்கு வருவோம். 30க்கு 40 மனையில் கீழே ஹவுஸ் ஓனர், மேலே மூன்று மாடி வாடகைக்காரர்கள், பக்கத்து மனையிலும் அதேபோல ஒரு கட்டடம், இரண்டுக்கும் நடுவில் கை நீட்டினால் எட்டும் இடைவெளி. பிடிஎம் லேஅவுட்டோ விவேக்நகரோ, வைஃபை பட்டியலைத் திறந்தால் ஸ்க்ரோல் செய்து மாளாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அந்த மூன்றில் தெருவே அடைந்து கிடக்கிறது. ஆகவே விளையாடும் போனும் லேப்டாப்பும் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 2.4 மட்டும் தரும் என்300 வகை ரூட்டரை, ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு: கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி எல்லாம் அதை நன்றாகவே மடக்கும். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ ஷூ ராக்குக்குள்ளேயோ வைக்காமல், விளையாடும் அறைக்கு நேர்பார்வையில், தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் போட்டால் ரேடார் சோதனை என்று நடுவில் சேனல் மாறும் தொல்லை இருக்காது. 2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, பல்பு, பிரின்டர், பழைய போன் ஆகியவற்றை அங்கே தள்ளிவிடுங்கள்.

ஏசி வகைக்கு அடுத்து வந்த தலைமுறையான வைஃபை 6 வேண்டுமா? ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கும் வீடு, எல்லோர் போனும் புதியது என்றால் கூடுதல் காசு கொடுக்கலாம், ஒரே நேரத்தில் பல கருவிகளோடு பேசுவதில் அது உண்மையிலேயே கெட்டி. ஆர்ச்சர் ஏஎக்ஸ்10, ஏஎக்ஸ்23 போன்றவை இந்த வரிசையில் கிகாபிட் போர்ட்டோடு வருபவை. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நல்ல ஏசி1200 கிகாபிட் ரூட்டரே தாராளம். மிச்சப் பணத்துக்குக் கேட்6 கேபிள் வாங்கி பிசியையோ பிளேஸ்டேஷனையோ நேராக ரூட்டரில் சொருகுங்கள். கேமிங்குக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்றால் தட்டைக் கேபிள் கிடைக்கிறது, கதவுக்கு அடியில் மடங்காமல் போகும். மலிவு ரிப்பீட்டரை வாங்கி நடுவில் செருகும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் பெட்டி அது. வேகம் பாதியாகும், பிங்கும் ஆடும்.

கேபிள் போட்ட பிறகும், ரூம்மேட் ஊருக்குப் போய்வந்த போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்ததும் கேம் தடுமாறுகிறதா? இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். கேமின் பாக்கெட்டுகள் (தகவல் பொட்டலங்கள்) பொடியானவை, அடிக்கடி போகிறவை. போட்டோ ஏற்றம் ரூட்டரின் வரிசையை நிரப்பி வைத்துவிட்டால், பிளாட்பாரம் டிக்கெட் ஒன்றே ஒன்று வாங்க வந்தவர் கட்டுக்கட்டாக ரிசர்வேஷன் ஃபாரம் வைத்திருப்பவருக்குப் பின்னால் நிற்பது மாதிரி அவை நிற்க வேண்டியதுதான். இதற்கு ரூட்டரில் க்யூஓஎஸ் (QoS), அதாவது எந்தத் தகவல் முதலில், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று முறைப்படுத்தும் வசதி வேண்டும். ஸ்பீட் டெஸ்ட்டில் வரும் அப்லோடு, டவுன்லோடு இரண்டிலும் சுமார் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகப் போட்டால் வரிசை உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். மலிவு ரூட்டர்கள் சிலவற்றில் க்யூஓஎஸ் போட்டதும் எல்லா பாக்கெட்டும் சின்ன ப்ராசஸர் வழியாகப் போக வேண்டியிருப்பதால் மொத்த வேகமே குறையும். 100 எம்பிபிஎஸ் பிளானில் இது பெரிதாக உறைக்காது, 300க்கு மேல் போனால் உறைக்கும். கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரூட்டருக்கான இலவச மாற்று மென்பொருள்) போடக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்கி, அதில் வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம் (SQM) வசதியை வைத்துக்கொள்ளலாம், இந்த விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரே பெயரில் வி2, வி3 என்று உள்ளே சிப்பே மாறியிருக்கும் (சி6இலேயே அப்படித்தான்), லேபிளில் உள்ள வெர்ஷனைப் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

கன்சோலில் நேட் (NAT, பல கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் ஏற்பாடு) டைப் ஸ்ட்ரிக்ட் என்று வந்து நண்பர்களோடு சேர முடியவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஓஎன்டியும் ரூட்டர் வேலை செய்கிறது, உங்கள் பெட்டியும் அதையே செய்கிறது என்றால் இரட்டை நேட். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் நெட்டை அப்படியே கடத்தும் நிலை) மாற்றும்படி கம்பெனியிடம் சொல்லுங்கள், மறுத்தால் உங்கள் ரூட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். இன்னொன்று, ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் கம்பெனியின் சிஜிநேட்டுக்குள் (CGNAT, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி) இருக்கிறீர்கள். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் செட்டிங்) செய்து பலன் இல்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைத்தால் அதை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கென்று மாறாத முகவரி, அதாவது தனி ஸ்டேட்டிக் ஐபி, கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருந்தாலும் பெஸ்காம் கரண்ட் போய் அது பிடிப்பதற்குள் சில விநாடி இடைவெளி விழும், அதற்குள் ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்து நெட் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷம். ராங்க் மேட்ச் போச்சு. ஒரு மினி யுபிஎஸ் இதற்குப் போதும், ஆனால் அடாப்டரில் உள்ள வோல்ட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பல ரூட்டர்கள் 12 வோல்ட், சில மலிவு மாடல்கள் 9 வோல்ட். ஓஎன்டிக்கும் சேர்த்து இரண்டு இணைப்பு உள்ளதாக எடுங்கள், ரூட்டர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடுக்கு நேரில் போகிறவர்கள் மாடல் பெயரையும் வெர்ஷனையும் போனில் எழுதிக்கொண்டு போங்கள். அதேபோல இருக்கும் வேறொன்றை எடுத்துக் காட்டினால் பின்பக்கம் கிகாபிட் இருக்கிறதா என்று அங்கேயே படித்துவிடுங்கள், பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். ஓஎன்டிக்குப் பின்னால் மாட்டுவதென்றால் டிஎஸ்எல் மோடம் உள்ள ரூட்டரைத் தலையில் கட்ட விடாதீர்கள், அது பழைய செப்புக் கம்பி லைனுக்கானது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை (WPS) அணைத்துவிடுங்கள். பிறகு ஆரம்பத்தில் செய்த அதே பிங் சோதனை, அதே நாற்காலி, அதே ராத்திரி நேரம், கூடவே ஒருவர் பெரிய ஃபைல் ஏற்றிக்கொண்டிருக்கட்டும். லேப்டாப்பைக் கேபிளில் சொருகினால் லிங்க் ஸ்பீட் 1000 என்று காட்ட வேண்டும். திருப்திப்படவில்லை என்றால் ரிப்ளேஸ்மென்ட் நாள் முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த காகிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள்.