கடலோரத்தில் கல்யாணப் படங்களுக்குப் பேக்கப்: கார்டிலிருந்து பரமக்குடி வரை

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் ஒரு கல்யாணம். இரண்டு கேமரா, பெண்ணழைப்பிலிருந்து மறுவீடு வரை 3,000 படம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதிந்த மூல வடிவப் படம்) ஒன்று 30 எம்பி என்று வைத்தால் மொத்தம் 90 ஜிபி. தாலி கட்டுவதை யாரிடமும் ரீடேக் கேட்க முடியாது. ஆகவே அந்த 90 ஜிபி மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. இது எல்லா ஊருக்கும் பொதுவான கணக்குதான். நம் கரையில் உப்புக்காற்றும் புயலும் கூடச் சேர்ந்துகொள்கின்றன.

வேலை கேமராவிலேயே தொடங்குகிறது. இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டாவது ஸ்லாட்டை ‘பேக்கப்’ என்று வையுங்கள். ‘ஓவர்ஃப்ளோ’வில் இருந்தால் முதல் கார்டு நிரம்பிய பிறகுதான் அடுத்தது எழுதப்படும், அது இரண்டாவது காப்பி ஆகாது. ஒரே ஸ்லாட் உள்ள கேமராவா? 256 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி கார்டு நான்கு வாங்குங்கள். ஒன்று கெட்டால் முகூர்த்தம் போனாலும் ரிசப்ஷன் மிஞ்சும். நிரம்பிய எஸ்.டி. கார்டின் பக்கவாட்டிலுள்ள பூட்டைக் கீழே தள்ளிவிட்டால், அவசரத்தில் அதையே மறுபடி போட்டு ஃபார்மட் செய்யும் விபத்து நடக்காது. தனுஷ்கோடியிலோ அரியமானிலோ அவுட்டோர் எடுக்கும்போது கார்டை மணலில் நின்று மாற்றாதீர்கள். காருக்குள் உட்கார்ந்து, கதவை மூடிக்கொண்டு மாற்றுங்கள். மாவு போன்ற அந்த மணல் ஸ்லாட்டுக்குள் போனால் எளிதில் வெளியே வராது.

அன்று இரவே முதல் காப்பி எடுத்துவிடுங்கள். ‘கட்’ கூடவே கூடாது, காப்பி மட்டும். ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு ஊர் என்ற வரிசை இருக்கட்டும்: 2026-02-08_உச்சிப்புளி_கல்யாணம். தேதிப்படி தானாகவே வரிசையாகும். யூ.எஸ்.பி. 3 போர்ட்டில் சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு 90 ஜிபி போக ஏறத்தாழ 15 நிமிடம். முக்கால் மணி நேரம் காட்டினால் பழைய 2.0 போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கேபிள் சரியில்லை.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். சும்மா இழுத்துப் போட்டு காப்பி எடுத்தால், அசலும் நகலும் ஒன்றா என்று விண்டோஸ் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. டெராகாப்பி போன்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ போட்டால் இரு பக்கமும் ஒவ்வொரு ஃபைலையும் படித்து செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடும். நேரம் கூடும், கூடட்டும். தம்ப்நெயிலைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். ரா ஃபைலுக்குள் சிறிய ஜேபெக் ஒன்று தனியாக இருக்கிறது. தம்ப்நெயிலில் தெரிவது அதுதான். பின்னாலுள்ள ரா டேட்டா பாதியோடு அறுந்திருந்தாலும் மணப்பெண் பளிச்சென்று சிரிப்பாள். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக வரும். ஒவ்வொரு கார்டிலும் முதல், நடு, கடைசி என்று பத்துப் படமாவது அப்படித் திறந்து பாருங்கள்.

காப்பி ஓடும்போது கரண்ட் போனால் ஃபைல் அறுவதோடு, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் அட்டவணையே குழம்பலாம். லேப்டாப்புக்குக் கவலையில்லை. டெஸ்க்டாப்பும் தனி அடாப்டர் உள்ள பெரிய ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் இரண்டையும் யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள். கடையில் இன்வெர்ட்டர் மட்டும் இருக்கிறது என்றால் அதன் பின்னால் ‘யூ.பி.எஸ். மோடு’ சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

இரண்டாவது காப்பி, அலமாரியில் வைக்கும் ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி. வேகமானது, எடிட்டிங்குக்கு நல்லது. ஆனால் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் பூட்டி வைக்க அது ஏற்றதல்ல. சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மேல் ஊசித்துளை ஒன்று இருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த துளை அது, டேப் ஒட்டி அடைக்காதீர்கள். காற்றில் வரும் உப்பும் ஈரமும் முதலில் தின்பது யூ.எஸ்.பி. முனையைத்தான். உலோகத்தில் மங்கலான பச்சைப் பூ பூத்திருந்தால் டிஸ்க் ‘வந்து வந்து போகும்’. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும்.

வைப்பதற்கு ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப்புகாப் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும். ஆரஞ்சு ஜெல் பச்சையானதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காய வைத்து மறுபடி போடலாம். அரிசி மூட்டைக்குள் வைக்கும் பழக்கம் உண்டு. தவிடும் தூசியும்தான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது பெட்டி தரையிலும் கடல் பக்கத்து ஜன்னலோரமும் இருக்கக் கூடாது. ஏசி அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே செருகாமல், மூடிய பையோடு அரை மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். நீலம் மஞ்சளாக மாறியிருந்தால் அன்றே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது காப்பியை ராமேஸ்வரத்துக்காரர் தங்கச்சிமடத்து மச்சான் வீட்டில் வைப்பதில் பயனில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த கரை இது. வீட்டுக்கு வரும் தண்ணீர் மச்சான் வீட்டுக்கும் வரும். பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீடு பாருங்கள். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வாருங்கள். வெளியே போகும் டிஸ்க்கை வெராகிரிப்ட் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியாக வேண்டும். கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டுப் பெண்களின் படம் வெளியே போகக் கூடாது என்று சொல்லித்தான் பல குடும்பங்கள் வேலை தருகின்றன. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உங்கள் பீரோவில் வையுங்கள், டிஸ்க்கோடு அல்ல.

கிளவுடும் உண்டு, ஆனால் அப்லோடு வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 30 எம்பிபிஎஸ்ஸில் 90 ஜிபி ஏற ஆறு மணி நாற்பது நிமிடம். இரவில் விடலாம். தேர்ந்தெடுத்த 400 ஜேபெக் மட்டும் என்றால் கால் மணி நேரம்தான். கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக வைத்தது 2021 ஜூன் 1-ல் முடிந்துவிட்டது. ‘ஸ்டோரேஜ் சேவர்’ படத்தைச் சுருக்கவும் செய்யும். ‘சிங்க்’ ஃபோல்டரை பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைக்கூடையில் 30 நாள்தான் இருக்கும்.

லைட்ரூம் கேட்டலாகை (எடிட் விவரங்கள் சேரும் ஃபைல்) மறப்பவர்கள் அதிகம். மூன்று நாள் உட்கார்ந்து கலர் பார்த்த உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. லைட்ரூம் தானாக எடுக்கும் பேக்கப்பும் வழக்கமாக அதே டிஸ்க்கில், அதே ஃபோல்டருக்குள்தான் விழும். இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

மூன்று காப்பியும் சரிபார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள், அதுவும் கேமராவிலேயே. தவறி முன்பே செய்துவிட்டால் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் கொண்டு வேறு டிஸ்க்குக்கு மீட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேமராவில் கார்டு முழுவதையும் அழிக்கும் ‘லோ லெவல் ஃபார்மட்’ கொடுத்திருந்தால் நம்பிக்கை குறைவு.

ரா ஃபைல்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை ஆர்டர் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: ஆல்பம் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் என்று. பிள்ளை பிறந்து முதல் பிறந்தநாள் ஃபிளெக்ஸுக்கு கல்யாணப் படம் கேட்டு வருவார்கள்.