பல்லவி பளபளக்கிறது, சரணம் தடுமாறுகிறது: முதல் கச்சேரிக்குத் தயாராகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் கர்நாடகப் பாட்டு வகுப்புகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில், மத்தியான நேரத்திலாவது, ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று பிள்ளைகள் ஏங்கத் தொடங்குவார்கள். அதே மாதங்களில்தான் இன்னொரு பேச்சும் அதிகமாகக் காதில் விழும்: "சாதகத்துக்கு உட்காரவே மனசு வரல மிஸ்."

சாதகம் என்றால் தினசரிப் பாட்டுப் பயிற்சி. அதற்கு உட்காராததை வீட்டில் சோம்பல் என்பார்கள். பிள்ளைகளே தங்களுக்குத் திறமை போதாது என்று முடிவுகட்டிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே உண்மையில்லை. தினம் ஒரு மணி நேரம் பாடியும், மாதம் ஒன்று கழிந்த பிறகு அதே வரியில் அதே தப்பு வந்து நின்றால் யாருக்குத்தான் மனசு வரும்? கோளாறு சாதகம் செய்யும் முறையில் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் உற்சாகம் திரும்பி வருவதைப் பல பிள்ளைகளிடம் பார்க்க முடிகிறது.

ஐஸ் தண்ணீர் குடிக்காதே, சுருதி வைக்காமல் பாடாதே, தாளத்தை விடாதே என்பவையெல்லாம் சரளி வரிசைக் காலத்திலேயே எல்லோரும் கேட்டவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அடுத்தவர் சுருதியில் பாடுவது

பிடித்த பாடகர் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடுகிறார் என்பதற்காகத் தானும் ஒரு கட்டை வைத்துக்கொள்வது, வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து பாடும் சுருதியையே மேடைக்கும் கொண்டுபோவது, இரண்டுமே குரலைக் கெடுக்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள்ளும், ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும் அமையும். அந்த எல்லைக்குள் உங்கள் இடம் எது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனை எளிது. மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி 'ப') நின்று பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் அது தெளிவாக விழ வேண்டும். பிறகு தார ஸ்தாயிப் பஞ்சமத்தை (மேல் ஸ்தாயி 'ப') தொட்டு, நாலு எண்ணிக்கை நில்லுங்கள். கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது, முகவாய் மேலே தூக்கக் கூடாது. மேலே முட்டினால் அரைக் கட்டை இறக்குங்கள். கீழே காற்று மட்டும் வந்தால் அரைக் கட்டை ஏற்றுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குரல் உடையும் வயதிலுள்ள பையன்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய சுருதியை விட மனசில்லாமல் அந்தக் காலத்தில் கத்திப் பாடினால், பின்னாளில் மேல் ஸ்தாயி கரகரத்துப் போகும்.

தப்பு வந்ததும் பல்லவிக்குத் திரும்புவது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற பிள்ளைகள் ஒருவர் விடாமல் செய்கிறார்கள். ஒரு காலத்தில் நாம் எல்லோரும் செய்ததுதான். ஆனாலும் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் வீணாகிற நேரம் அவ்வளவு.

ஒரு மாணவி போட்டியில் பாடுகிறாள். பல்லவியில் எட்டுச் சங்கதியும் (ஒரே வரியை மெட்டு மாற்றிப் பாடும் விதங்கள்) முத்துமுத்தாக விழுகின்றன. அனுபல்லவி சுமார். சரணத்தின் இரண்டாவது வரி வந்ததும் சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறந்து, கை நின்று, பாட்டு நின்றுவிடுகிறது. கீழே இறங்கி வந்து அழுகிறாள்: "வீட்ல நல்லா வந்துதே மிஸ்." வீட்டில் நல்லா வந்தது பல்லவி. அந்தச் சரண வரியை வீட்டில் எத்தனை தடவை பாடினாள் என்று கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும்.

ஏழு நிமிஷக் கிருதி ஒன்றை ஒரு மணி நேரம் சாதகம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தடுக்கினாலும் உடனே பல்லவியிலிருந்து மறுபடி. அந்த ஒரு மணி நேரத்தில் பல்லவி பதினைந்து முறை பாடப்படுகிறது, அனுபல்லவி ஆறேழு முறை, சரணத்தின் கடைசி வரி ஒன்றோ இரண்டோ முறை. ஒரு மாதம் இப்படி ஓடினால் பல்லவிக்கு 450, கடைசி வரிக்கு ஐம்பதுகூட வராது. மேடையில் குரல் களைத்து, கவனம் சிதறும் நேரத்தில், மிகக் குறைவாகப் பாடிய பகுதிக்குத்தான் வந்து சேருகிறோம்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. தடுக்குவது, நிற்பது, திரும்புவது என்ற மூன்றும் சேர்ந்தே பழக்கமாகிவிடுகிறது. குறிப்பிட்ட அந்த எழுத்து வந்தாலே தொண்டை நிற்கக் கற்றுக்கொண்டுவிடும். மேடையில் மிருதங்கம் நமக்காக நிற்காது.

சரியான வழி இப்படி.

முதலில் பாட்டைச் செல்போனில் ஒரு தடவை முழுசாகப் பதிவு செய்து, நோட்டில் சாகித்யத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். தடுக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டம் வரி முழுக்க இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். பல சமயம் கோளாறு, தப்பாக விழுந்த எழுத்தில் இருக்காது. அதற்கு இரண்டு மூன்று எழுத்து முன்னால் மூச்சு எடுத்த இடத்தில் இருக்கும்.

பிறகு அந்தத் துண்டை மூன்று விதமாகப் பாடிப் பாருங்கள். ஸ்வரமாகப் பாட வரவில்லையா? அப்படியானால் எந்த எழுத்து எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பதே தெரியவில்லை. குருவிடம் ஸ்வரப்படுத்தி வாங்கி வாருங்கள். ஸ்வரம் வருகிறது, ஆனால் தாளம் போட்டுச் சாகித்யத்தைச் சொன்னாலே தடுக்குகிறதா? சொல் எந்தத் தட்டில், எந்த விரலில் விழுகிறது என்பதில் குழப்பம். பாடாமல் வெறுமனே சொல்லிப் பழக வேண்டும். இரண்டும் சரி, அகாரத்தில் (சொல்லில்லாமல் 'ஆ' என்று) பாடினால் மட்டும் பிசிறடிக்கிறதா? அப்போதுதான் அது குரல் பிரச்சினை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் 'இன்னொரு தடவை பாடு' என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் மாதக்கணக்கில் குணமாவதில்லை.

அடுத்தது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். பாட்டு நிமிஷத்துக்கு 70 தட்டில் போகிறதென்றால், துண்டை மெட்ரோனோமில் (தட்டு எண்ணும் கருவி) 45 வைத்துத் தொடங்குங்கள். ஐந்து புளியங்கொட்டையை வலப்பக்கம் வையுங்கள். தப்பில்லாமல் ஒரு தடவை பாடினால் ஒன்றை இடப்பக்கம் நகர்த்துங்கள். தப்பு வந்தால் எல்லாம் வலப்பக்கத்துக்கே திரும்ப வேண்டும். ஐந்தும் நகர்ந்த பிறகே 50. இப்படி ஐந்தைந்தாக ஏற்றி, பாட்டின் வேகத்துக்கு மேல் 75 வரை கொண்டுபோய்விட்டு 70-க்கு இறங்கினால் அந்த இடம் மெத்தென்று இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சௌக்கமாக, அதாவது மெதுவாக, பாடும்போது கமகம் (ஸ்வரத்தின் அசைவு) மாறும் என்பதை மறக்கக் கூடாது. தோடி காந்தாரம் விளம்ப காலத்தில் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே பல தடவை ஆடும். துரிதத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் இடம் இருக்கும். மெதுவாகப் பழகிய நாலு ஆட்டத்தையும் வேகத்தில் திணிக்கப் பார்த்தால் தாளம் பின்தங்கிவிடும். வேகத்தில் எத்தனை ஆட்டம் வரும் என்று முதலில் பாடிப் பார்த்து, அதே எண்ணிக்கையை மெதுவான காலத்திலும் வைத்துப் பழகுங்கள்.

துண்டு சரியானதும் அதைப் பாட்டில் தைக்க வேண்டும். முந்தைய வரியின் கடைசி அரை ஆவர்த்தனம் (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று), துண்டு, அடுத்த வரியின் முதல் சொல். இவ்வளவுதான் பாட வேண்டும். தையல் விட்டுப்போகும் இன்னொரு இடமும் உண்டு. பல கிருதிகளில், குறிப்பாகத் தியாகராஜர் கிருதிகளில், சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே போகும். அந்த இடத்தில் வாய் தானாக அனுபல்லவிச் சாகித்யத்துக்குத் தாவிவிடும். அனுபல்லவியையும் சரணத்தின் பின்பாதியையும் ஒன்றையடுத்து ஒன்றாக, பல்லவி தொடாமல், பத்து நாள் பாடுங்கள்.

பாட்டு முழுவதையும் பழகும்போது பின்னாலிருந்து வாருங்கள். முதலில் சரணத்தின் கடைசி வரி. பிறகு கடைசி இரண்டு வரி. பிறகு சரணம் முழுக்க. அதன் பிறகே அனுபல்லவி, கடைசியாகப் பல்லவி. இப்படிச் செய்தால் பாடப் பாட நன்கு தெரிந்த பகுதியை நோக்கிப் போவோம், பயம் குறையும்.

நாள் முடிவில் ஒரே ஒரு தடவை நிற்காமல் முழுப் பாட்டு. என்ன தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, கை தாளத்தை விடக் கூடாது. சாகித்யம் போய்விட்டால் அகாரத்தில் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த எடுப்பில் (பாட்டு வரி தாளத்தில் தொடங்கும் இடத்தில்) சேர்ந்துகொள்ளுங்கள். இதையும் பழக வேண்டும். மேடையில் திடீரென்று வராது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: மந்தர ஸ்தாயியில் தொடங்கி அகார சாதகமும் வரிசைகளும் பத்து நிமிஷம், இரண்டு துண்டுகளைப் பழுதுபார்க்க இருபத்தைந்து நிமிஷம், ராகம் அல்லது கல்பனாஸ்வரம் (கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) பதினைந்து, நிற்காத ஓட்டத்துக்குப் பத்து. நோட்டின் பின்பக்கம் தேதி, துண்டு, எட்டிய வேகம் மூன்றையும் எழுதி வையுங்கள். திங்களன்று 45-ல் இருந்தது வெள்ளியன்று 65-ல் நிற்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளையை சாதகத்துக்கு உட்கார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

பாட்டு எண்ணிக்கை

நோட்டில் 150 பாட்டு இருக்கும். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாட எட்டுக்கூடத் தேறாது.

ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்கு ஒரு வர்ணம், நாலைந்து கிருதி, கடைசியில் இரண்டு துக்கடா (சிறு உருப்படி) போதும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய முறைதான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது. அதன் பலமே விறுவிறுப்பும் விதவிதமான ராக தாளங்களும்தான். மாற்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தடுத்து ஒரே தாளம் வரக் கூடாது, ஒரே சாயல் ராகங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. அதில் இரண்டை ஆலாபனை (சொல்லில்லாத ராக விரிவு), நிரவல் (ஒரு வரியைப் பல விதமாக விரிப்பது), ஸ்வரத்தோடு விரிக்கத் தயார் செய்யுங்கள். இந்தப் பன்னிரண்டு உறுதிப்படும் வரை புதுப் பாட்டு வேண்டாம்.

ஆலாபனையை மனப்பாடம் செய்வது

யூடியூபில் கேட்ட ஆலாபனையை அப்படியே ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, "நேரமில்லை, மூணு நிமிஷத்தில் முடி" என்று சொன்னால் கை கால் ஓடாது. எங்கே வெட்டுவது என்று தெரியாது. கேளுங்கள், ஆனால் பிடிகளை (ராகத்தின் அடையாளத் துணுக்குகள்) தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நிற்கும் ஸ்வரம்: இன்று மோகனத்தில் காந்தாரத்தில் மட்டும் வந்து நிற்கும்படி பத்துச் சஞ்சாரம், நாளை பஞ்சமம், மறுநாள் தைவதம். ஒரு வாரத்தில் அந்த ராகத்தை இரண்டு நிமிஷமும் பாடலாம், பத்து நிமிஷமும் பாடலாம்.

கோர்வையை எடுப்பு பார்க்காமல் போடுவது

ஒரு களை ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. சமத்துக்கு (தாளத்தின் முதல் தட்டுக்கு) அமைத்த கோர்வையை (ஸ்வரத்தை முடித்துவைக்கும் கணக்கு) ஒன்றரை இட எடுப்புள்ள (ஒன்றரைத் தட்டு தள்ளித் தொடங்கும்) பாட்டில் போடுவதானால், தொடக்கத்தையும் ஆறு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். கணக்கை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

கனைப்பது

கனைக்காதீர்கள். ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

முழுக் கச்சேரியையும் ஒருநாளும் பாடிப் பார்க்காதது

பாட்டு பாட்டாகப் பழகியவர்கள் மேடையில் நாற்பதாவது நிமிஷத்தில் வாடிவிடுவது இதனால்தான். கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, குறைந்தது மூன்று நாள், தரையில் சம்மணமிட்டு, எழுந்திருக்காமல், வரிசை மாறாமல் எல்லாவற்றையும் பாடிப் பாருங்கள். தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) விடும் பத்து நிமிஷமும் தாளம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கை வலிக்கும், அதற்குப் பிறகு பல்லவியை எடுக்கும்போது குரல் எப்படி இருக்கிறது என்றும் தெரியும்.

உங்களுக்கு ஒதுக்கிய அதே நேரத்தில் பாடிப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணி என்றால் சாப்பாடு பதினொன்றரை மணிக்கே, அதுவும் அரை வயிறு. அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடித்து வர வேண்டும். மேடை ஏறும்போது குடிக்கிற தண்ணீர் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குரல் நாண்களுக்குப் போய்ச் சேராது.

பக்கவாத்தியக்காரர்களுக்குப் பட்டியலை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்: ராகம், தாளம், எடுப்பு, நிரவல் வரி, உங்கள் சுருதி. வயலின்காரர் உங்கள் சுருதிக்குத் தந்தி மாற்ற வேண்டியிருக்கலாம். மேடையில் அவர் சுருதி சேர்த்து முடிக்கும் வரை அவசரப்படாமல் காத்திருங்கள். தம்பூரா ஆப் வைத்த போனை ஏரோபிளேன் மோடில் போட்ட பிறகே மைக் அருகே வையுங்கள்.