சூட்சும சரீரம் பத்தி படிக்கிறவங்க பண்ற தவறுகள், முக்கியமா அந்த அட்டவணை

போன மாசம் எங்க படிப்பு வட்டத்துக்கு புதுசா ஒரு தம்பி வந்தார். பையிலிருந்து ஒரு பெரிய சார்ட் பேப்பரை எடுத்து தரையில விரிச்சார். ஸ்கேல் வச்சு கோடு போட்டு, கலர் பேனாவுல அழகா எழுதியிருந்தார். முதல் கட்டத்துல பஞ்சகோசம் (உடம்பு, பிராணன், மனசு, அறிவு, ஆனந்தம்னு ஆளுக்குள்ள சொல்ற அஞ்சு உறை), பக்கத்துல தியோசபிங்கிற மறைஞான இயக்கம் சொல்ற ஏழு தத்துவம், அதுக்கு பக்கத்துல தாவோ, சூஃபி, திபெத், கடைசியில சக்கரம். "அக்கா, எல்லாம் ஒண்ணையேதான் சொல்லுது, பேர்தான் வேறன்னு புரிஞ்சிருச்சு"ன்னு சொன்னார். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அதே அட்டவணையை நான் போட்டிருக்கேன், அதே வரிசையில, அதே சந்தோஷத்தோட. அது எனக்கு ரெண்டு வருஷத்தை தின்னுச்சு. அதனாலதான் இதை எழுதுறேன்.

சூட்சும சரீரம், அதாவது நுண்ணுடல்னா பேயா, ஆவியான்னு கேக்குற குழப்பமெல்லாம் ரெண்டு வாரம் படிச்சா தானா போயிடும், அதை விட்டுடறேன். ஓரளவு படிச்ச பிறகும் போகாம ஒட்டிக்கிட்டு நிக்கிறதை மட்டும் சொல்றேன்.

சூட்சும சரீரத்தை ஆன்மான்னு நினைக்கிறது

வேதாந்தத்துல அது ஜடம், அதாவது தனக்குன்னு உணர்வு இல்லாத பொருள். மனசும் ஜடம், புத்தியும் ஜடம். இதை ஏத்துக்காம அடுத்த பக்கம் திருப்பாதீங்க.

நுண்மைன்னா லேசான புகைன்னு நினைக்கிறது

சூட்சுமம்னதும் நமக்கு கண்ணு முன்னாடி வர்றது பனி மாதிரி, வெளிச்சம் மாதிரி ஒரு உருவம். இந்த படம் ரொம்ப ஏமாத்தும். சமணத்துல உடம்பு அஞ்சு வகை: ஔதாரிகம், வைக்ரியம், ஆகாரகம், தைஜசம், கார்மணம். ஒண்ணைவிட அடுத்தது நுண்மைன்னு சமண நூலான தத்வார்த்த சூத்திரம் சொல்லிட்டு உடனே இன்னொண்ணும் சொல்லுது, நுண்மை ஏற ஏற அதுல இருக்குற அணுக்கூறுகளோட எண்ணிக்கையும் ஏறிக்கிட்டே போகுதுன்னு. அதாவது கடைசியில இருக்குற கர்ம உடம்புதான் இருக்குறதுலயே நுண்மை, ஆனா அதுலதான் பொருள் ரொம்ப அதிகமா செறிஞ்சு கிடக்கு. புகைன்னு நினைச்சுக்கிட்டு படிச்சா இந்த வரி அர்த்தமே ஆகாது, நான் முதல்ல இதை அச்சுப்பிழைன்னே நினைச்சேன்.

அட்டவணை போடுறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்ற விஷயம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

அட்டவணை போடும்போது என்ன நடக்குதுன்னா, ஒவ்வொரு மரபும் எந்த கேள்விக்கு பதில் சொல்லுதுன்னு நாம கேக்க மாட்டோம், பட்டியலை மட்டும் உருவி எடுத்துப்போம். வெளியூருக்கு போகவே வேணாம், நம்ம பக்கத்து மூணு பட்டியலை பாருங்க. வேதாந்தத்துல சூட்சும சரீரத்துக்கு 17 உறுப்பு: ஞானேந்திரியம் அஞ்சு, கர்மேந்திரியம் அஞ்சு, பிராணன் அஞ்சு, மனசு, புத்தி. சாங்கியத்துல லிங்க சரீரத்துக்கு 18: புத்தி, அகங்காரம், மனசு, இந்திரியம் பத்து, தன்மாத்திரை (ஒலி, தொடுதல் மாதிரி புலன்களுக்கான நுண்கூறு) அஞ்சு. சைவ சித்தாந்தத்துல சூக்கும உடம்பு எட்டே எட்டு: தன்மாத்திரை அஞ்சு, மனம், புத்தி, அகங்காரம், அதனாலதான் அதுக்கு புரியட்டகம்னு பேர், அட்டகம்னா எட்டு. வேதாந்த பட்டியல்ல பிராணன் உள்ள இருக்கு, மத்த ரெண்டுலயும் அது உறுப்பா எண்ணப்படல. இப்ப இந்த மூணையும் "நுண்ணுடல்"னு ஒரே கட்டத்துல எழுதினா எதை எழுதினோம்?

கோசக் கணக்குலயும் இதே கதைதான். வேதாந்தத்துல பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம் மூணும் சேர்ந்துதான் சூட்சும சரீரம், ஆனந்தமயம் காரண சரீரம். சித்தாந்தத்துல உடம்பே அஞ்சு, தூலம், சூக்குமம், குணம், கஞ்சுகம், காரணம்னு, ஒவ்வொரு கோசத்துக்கும் ஒரு உடம்பு. ஆக மனோமயம்னு நீங்க ஒருத்தர்ட்ட சொன்னா அவர் சூட்சுமம்பார், இன்னொருத்தர் குண சரீரம்பார், ரெண்டு பேரும் அவங்கவங்க நூல்படி சரியாத்தான் சொல்றாங்க.

என்னை உண்மையிலேயே கவுத்தது "லிங்க சரீரம்"ங்கிற வார்த்தை. சாங்கியத்தோட முக்கிய நூலான சாங்கிய காரிகையில லிங்கம்தான் பிறவி பிறவியா சுத்துறது. உடம்பு விழுந்தாலும் அது விழாது, நடிகன் வேஷம் மாத்துற மாதிரி ஒவ்வொரு பிறவியிலயும் வேற வேற உருவத்துல வருதுன்னு அந்த நூலே சொல்லுது. 1875-ல நியூயார்க்ல ஆரம்பிச்ச தியோசபிகல் சொசைட்டியில பிளாவட்ஸ்கி அம்மையார் இதே வார்த்தையை எடுத்து தன்னோட ஏழு தத்துவத்துல மூணாவதா வச்சாங்க. அங்க லிங்க சரீரம்னா தூல உடம்புக்கு அச்சு மாதிரி இருக்குற ஒரு இரட்டை, உடம்பு செத்தா கூடவே கரைஞ்சு போயிடும். ஒரு இடத்துல சாவைத் தாண்டி போறதே இதுதான், இன்னொரு இடத்துல சாவோட முடியுறதே இதுதான், வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாம ஒண்ணு. நான் ரெண்டையும் ஒரே கோட்டுல எழுதி நடுவுல சமக்குறி போட்டு, அதுக்கு மேல ரெண்டு வருஷம் குறிப்பு எழுதிக்கிட்டே போனேன், மறுபிறவி பத்தி நான் எழுதின ஒவ்வொரு பக்கமும் அந்த சமக்குறி மேலதான் நின்னுச்சு.

அதோட முடியல. பிளாவட்ஸ்கி இந்த இரட்டையைத்தான் ஆஸ்ட்ரல் பாடின்னு சொன்னாங்க. பின்னாடி வந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் அதுக்கு ஈத்தரிக் டபுள்னு பேர் மாத்திட்டு, ஆசை உணர்ச்சிக்கான உடம்பை ஆஸ்ட்ரல்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரே அமைப்புக்குள்ள, சில பத்து வருஷத்துல, ஒரே வார்த்தை ஒரு படி நகர்ந்து போச்சு. நான் ரெண்டு காலத்து புத்தகத்தையும் மாத்தி மாத்தி படிச்சுக்கிட்டு, ஏன் எதுவும் பொருந்தலன்னு என் புத்தியைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில ஒரு நாள் ராத்திரி ஒரு நோட்டு முழுக்க பக்கம் பக்கமா குறுக்கு கோடு அடிச்சேன், நூத்தி நாப்பது பக்கம், அந்த பேனா சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஒப்பிடவே கூடாதுன்னு நான் சொல்லல. கிரேக்க தத்துவஞானி புரோக்ளஸ் ஆன்மாவுக்கு வாகனம் ரெண்டுன்னு சொல்றதை படிக்கும்போது எனக்கும் நம்ம சரீர விசாரம் ஞாபகம் வரத்தான் செய்யுது. ஆனா ஞாபகம் வர்றது வேற, சமக்குறி போடுறது வேற. ஒரு மரபோட பட்டியலை எடுத்தா மூணு கேள்வி கேளுங்க: இது எப்ப அழியுது, எது இதைத் தாங்குது, இது எதுக்காக சொல்லப்பட்டது. மூணுக்கும் அந்த நூலுக்குள்ளேயே பதில் கிடைச்ச பிறகு பக்கத்து நூலைத் தொடுங்க.

உள்ளயா வெளியயான்னு கவனிக்காதது

ஆளு நடுவுல நிப்பார், அவரை சுத்தி முட்டை முட்டையா அஞ்சு கலர் வட்டம், வெளி வட்டத்துக்கு ஆனந்தமய கோசம்னு பேர் போட்டிருக்கும். இந்த படம் எல்லா இடத்துலயும் இருக்கு. தைத்திரீய உபநிஷத்து நேர் எதிரா சொல்லுது: அன்னரசமயமா இருக்குற இதுக்கு உள்ள வேற ஒண்ணு, பிராணமயம், அதுக்கும் உள்ள மனோமயம், இப்படி உள்ள உள்ளதான் போகுது. அந்த முட்டைப் படம் ஆரா, அதாவது உடம்பை சுத்தி இருக்குறதா சொல்ற ஒளிவட்டம், பத்தின பிற்கால ஓவியங்கள்லேர்ந்து வந்தது. படத்தை மனசுல வச்சுக்கிட்டு உபநிஷத்தை படிச்சா தேடுற திசையே மாறிடும். இன்னொண்ணு, அந்த இடத்துல உபநிஷத்து கோசம்ங்கிற வார்த்தையை சொல்லவே இல்ல, ஆத்மான்னுதான் சொல்லுது. கோசம்னு, அதாவது உறைன்னு, பேர் வச்சது பின்னாடி வந்த வேதாந்த நூல்கள்.

ஏழு சக்கரம், ஏழு வானவில் கலர்

பூர்ணானந்தர் 1577-ல எழுதின ஷட்சக்ர நிரூபணத்தை ஜான் உட்ரோஃப் ஆர்தர் அவலோன்ங்கிற பேர்ல மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் இந்த ஒரு வரிசை மட்டும் உலகம் பூரா பரவுச்சு. பேரே ஷட், ஆறு. சகஸ்ராரம் அதுக்கு மேல தனி. அதுல மணிபூரகம் மழை மேகத்தோட கருநிறம், ஆக்ஞை நிலா மாதிரி வெள்ளை, வானவில் வரிசை எங்கயும் கிடையாது, அது 20-ம் நூற்றாண்டுல ஒட்ட வச்சது. பௌத்த நூலான ஹேவஜ்ர தந்திரத்துல சக்கரம் நாலுதான். எதுடா நிஜம்னு சண்டை போடாதீங்க, இதழ்களை கூட்டிப் பாருங்க: 4, 6, 10, 12, 16, 2. மொத்தம் 50, சமஸ்கிருத எழுத்து அம்பது. ஒவ்வொரு இதழ்லயும் ஒரு எழுத்தை வச்சு தியானம் பண்றதுக்கான அமைப்பு அது, மந்திரத்தை உடம்புல பதிக்கிற வேலை. டாக்டர் போடுற உடற்கூறு படம் மாதிரி அதை படிக்கக்கூடாது.

எல்லாருக்கும் ஏற்கெனவே இருக்குன்னு நினைக்கிறது

சில உடம்பு பிறக்கும்போதே கூட வர்றது, சிலது சாதனையால உண்டாக்குறது. திபெத்திய மாயா தேகம் யோகத்துல எழுப்பப்படுறது. தாவோ உள்ரசவாதத்துல உள்ள ஒரு கருவை வளர்க்குறதாவே பேசுவாங்க. வள்ளலார் சொல்ற சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம் மூணும் அடைய வேண்டியது. இதையெல்லாம் கொண்டு போய் பஞ்சகோசத்துக்கு பக்கத்துல வைக்கிறது விதையையும் அறுவடையையும் ஒரே படியில அளக்குற மாதிரி.

போட்டோவுல தேடுறது

ஆராவைப் பிடிச்ச போட்டோன்னு காட்டுற கிர்லியன் படத்துல, கிர்லியன் 1939-ல கண்டது உயர் மின்னழுத்தத்துல விரல் நுனியில வர்ற மின்கசிவு, விரல்ல ஈரம் மாறினா படமும் மாறும். ஆன்மாவோட எடை 21 கிராம்ங்கிற கதை, சாகுற நேரத்துல வெறும் ஆறு பேரை எடை போட்டு மக்டூகல்ங்கிற டாக்டர் 1907-ல வெளியிட்டது, அந்த எண் வந்தது ஒருத்தர்ட்ட.

நெஞ்சு வலிய அனாகதம் (நெஞ்சுச் சக்கரம்) திறக்குதுன்னு சொல்றது

டாக்டர்ட்ட போங்க. இன்னிக்கே.

எங்க ஆரம்பிக்கிறது

அந்த தம்பியை சார்ட்டை சுருட்டச் சொல்லிட்டு ஒரு வெள்ளைத்தாள் குடுத்தேன், தைத்திரீயத்துல வர்றதை அப்படியே வரையுங்கன்னு. ஏன்னா அந்த நூல் அஞ்சையும் பறவையாத்தான் சொல்லுது, தலை, வலது சிறகு, இடது சிறகு, நடு உடம்பு, தாங்கி நிக்கிற வால்னு. பிராணமயத்துக்கு பிராணன் தலை, வியானன் வலது சிறகு, அபானன் இடது, ஆகாயம் நடு உடம்பு, பூமி வால். மனோமயத்துக்கு யஜுஸ் தலை, ரிக் வலது, சாமம் இடது. விஞ்ஞானமயத்துக்கு சிரத்தை தலை, யோகம் நடு உடம்பு. அவர் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து வரைஞ்சார். மூணாவது பறவை வரும்போது பென்சிலை வச்சுட்டு, "அக்கா, மனோமயத்துக்கு உறுப்பெல்லாம் வேதமா இருக்கே, மனசுன்னா நான் நினைக்கிற மனசு இல்லையா இது?"ன்னு கேட்டார். அந்த கேள்வியோடதான் இப்ப மூணு வாரமா உக்காந்திருக்கோம்.