கவர்னர் கேண்டிடேட் சொல்ற காசுக் கணக்கை எப்படிப் படிக்கணும்: நியூஜெர்சி 2025ஐ வச்சு ஒரு பாடம்

2025 அக்டோபர்ல ஊர்ல இருந்து மாமா போன் பண்ணார், பின்னாடி டிவில விளம்பரம் கத்திட்டு இருந்துச்சு, என்னடா அது சண்டை மாதிரி கேக்குதுன்னார். கவர்னர் எலெக்‌ஷன் மாமான்னேன். "கவர்னருக்கு எதுக்குடா எலெக்‌ஷன், டெல்லில இருந்து அனுப்பி வைக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டார் பாருங்க. இங்க அமெரிக்கால கவர்னர்னா நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி மாமா, ஜனங்க ஓட்டுப் போட்டு வரவங்கன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி: "சரி, யாரு வந்தா உனக்கு செலவு குறையும்?" அதுக்கு அன்னிக்கு எனக்கு பதில் தெரியல. அப்புறம் ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன், எப்படிப் படிச்சேன்னு கேட்டவங்களுக்காக இது. சிட்டிசன் இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்லதான், ஆனா பில் எல்லாருக்கும்தான் வருது.

போட்டி யாருக்கும் யாருக்கும்னா, டெமாக்ரட் பக்கம் மிக்கி ஷெரில், நேவில ஹெலிகாப்டர் ஓட்டினவங்க, காங்கிரஸ்ல (அமெரிக்க நாடாளுமன்றம்) மெம்பரா இருந்தவங்க. ரிபப்ளிகன் பக்கம் ஜாக் சியாட்டரெல்லி, அக்கவுன்டன்ட், சொந்தமா கம்பெனி நடத்தினவர், 2021ல அப்ப கவர்னரா இருந்த ஃபில் மர்ஃபிகிட்ட சுமார் 3 பாயிண்ட்ல தோத்தவர். நவம்பர் 4 ரிசல்ட்ல ஷெரில் நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாங்க, அதனால யாருக்கு ஓட்டுன்னு சொல்ற பதிவு இல்ல இது. முடிஞ்சு போன கொஸ்டின் பேப்பர்ல பயிற்சி எடுக்கற மாதிரி வச்சுக்கோங்க.

முதல் வேலை, ரெண்டு பேரோட வெப்சைட்டையும் மூடி வச்சுட்டு உங்க வீட்டு பில்லை எடுங்க. கரண்ட் பில், வீடு இருந்தா ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில், சம்பள ஸ்லிப். வாக்குறுதி எதுவா இருந்தாலும் கடைசில இந்த மூணு பேப்பர்ல ஏதாவது ஒரு லைன்ல வந்துதான் நிக்கணும், எந்த லைன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா அது வெறும் கோஷம். அப்புறம் அந்த லைனை மாத்தற பேனா யார் கைல இருக்குன்னு பாருங்க. கவர்னர் தனியா கையெழுத்துப் போட்டாப் போதுமா, இல்ல சட்டசபை ஒத்துக்கணுமா, இல்ல ஊர் கவுன்சிலா, இல்ல வாஷிங்டனா. நான் பாத்தவரைக்கும் முக்கால்வாசி பேர் இந்தக் கேள்வியைக் கேக்கறதே இல்ல, விளம்பரத்துல யாரு சத்தமாப் பேசறாங்கன்னு பாத்துட்டு வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போட ஆரம்பிச்சுடறாங்க.

கரண்ட் பில்லையே எடுத்துக்கலாம், அந்த எலெக்‌ஷனோட பெரிய விஷயமே அதுதான். 2025 ஜூன் 1ல இருந்து நியூஜெர்சில வீட்டு கரண்ட் பில் சுமார் 17ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு. பில்லைத் திருப்பிப் பாத்தீங்கன்னா ரெண்டு பங்கா இருக்கும், ஒண்ணு சப்ளை, ஒண்ணு டெலிவரி. டெலிவரிங்கறது கம்பி, கம்பம், மீட்டர் செலவு, அதை கவர்னர் நியமிக்கற 5 பேர் போர்டு கட்டுப்படுத்துது. ஏறினது பெரும்பாலும் சப்ளை பக்கம். ஏன்னா கரண்ட் கம்பெனிங்க நமக்கு விக்கற மின்சாரத்தை ஏலத்துல வாங்குதுங்க, அதுக்குப் பின்னாடி பிஜேஎம்னு 13 மாநிலத்துக்கும் வாஷிங்டன் டிசிக்கும் பொதுவான கிரிட் இருக்கு, அவங்க எதிர்காலத்துக்கு கரண்ட் கைல இருக்கணும்னு தனியா ஒரு ஏலம் நடத்தறாங்க. அதுல 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு பொதுவா 28.92 டாலரா இருந்த விலை 2025-26க்கு 269.92 டாலர் ஆயிடுச்சு (நியூஜெர்சி பக்கம் முன்னாடியே கொஞ்சம் கூடத்தான், இருந்தாலும் பல மடங்கு). டேட்டா சென்டர் வந்து டிமாண்ட் ஏறுது, பழைய பிளான்ட் மூடுது, புது பிளான்ட் லைன்ல கனெக்‌ஷன் கிடைக்காம காத்துட்டு இருக்கு.

இதை மனசுல வச்சுட்டு ரெண்டு பேர் சொன்னதையும் படிங்க. ஷெரில் சொன்னது, பதவியேத்த முதல் நாளே மின் கட்டணத்துக்கு எமர்ஜென்சி அறிவிச்சு ரேட்டை ஃப்ரீஸ் பண்ணுவேன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கும் முதல்ல சபாஷ்னுதான் தோணுச்சு. ஆனா சப்ளை விலை ஏலத்துல வருது, அதுக்குப் பின்னாடி இருக்கற பிஜேஎம் ஏலத்தை மேற்பார்வை பாக்கறது ஃபெடரல் அமைப்பு, அங்க கவர்னர் பேனா நேரா எட்டாது. ஆக ஃப்ரீஸ்னா நடைமுறைல யாராவது அந்த வித்தியாசத்தைக் கட்டணும், ஒண்ணு ஸ்டேட் ஃபண்டுல இருந்து பில்லுக்கு கிரெடிட், இல்ல கம்பெனி தலைல, இல்ல பின்னாடி வர வருஷத்து பில்லுல. எதுன்னு கேளுங்க, அதுதான் கேள்வி.

சியாட்டரெல்லி சொன்னது வேற, மர்ஃபியோட கிளீன் எனர்ஜி பாலிசிதான் காரணம், ரெஜ்ஜில இருந்து வெளில வந்துடுவேன், கடல்ல காத்தாடி (காத்துல கரண்ட் எடுக்கற காத்தாலை) வேண்டாம்னார். ரெஜ்ஜின்னா வடகிழக்கு மாநிலங்க சேந்து நடத்தற கார்பன் ஏலம், கரி புகை விடற பவர் பிளான்ட் அதுக்கு பர்மிட் வாங்கணும், அந்தச் செலவு கரண்ட் விலைல ஏறும், ஏலத்துல வர காசு ஸ்டேட்டுக்குப் போகும். இதுல கவர்னருக்கு உண்மையாவே கை உண்டு, அப்ப கவர்னரா இருந்த கிறிஸ்டி 2011ல வெளில வரேன்னு அறிவிச்சார் (விதியை முறையா ரத்து பண்ணலைன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு அது), மர்ஃபி காலத்துல 2020ல திரும்ப உள்ள போனாங்க. ஆனா 2025ல பில் எகிறினதுக்கு ரெஜ்ஜிதான் காரணம்னா, 2020ல இருந்து உள்ளதானே இருக்கோம், அஞ்சு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்துச்சு? அதே மாதிரி காத்தாடி, தெற்கு ஜெர்சில வரவேண்டிய ரெண்டு பெரிய ப்ராஜெக்டையும் ஆர்ஸ்டெட் கம்பெனி 2023 அக்டோபர்லயே கைவிட்டுடுச்சு, கட்டாத காத்தாடிக்கு பில் எப்படி இவ்வளவு ஏறும். ஆனா ஒண்ணு, மர்ஃபி அதை நம்பி உக்காந்துட்டு வேற பிளான்ட்டுக்கு வழி பண்ணலைன்னு சியாட்டரெல்லி சொன்னதுல விஷயம் இருக்குன்னுதான் நினைக்கறேன்.

இன்னொண்ணு கவனிங்க, நம்ம வீட்டு சப்ளை ஏலம் வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல நடக்கும், மூணு வருஷ கான்ட்ராக்ட், ஒவ்வொரு வருஷமும் மூணுல ஒரு பங்கு மட்டும்தான் புதுசா வாங்குவாங்க. யார் வந்து என்ன மாத்தினாலும் பழைய கான்ட்ராக்ட் உள்ள இருக்கும், அடுத்த மாசமே பில் பாதியாகும்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு நகந்துடுங்க.

இப்ப ப்ராப்பர்ட்டி டாக்ஸ். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் 1ஆம் தேதிகள்ல தவணை, அதாவது எலெக்‌ஷனுக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தவணை கட்டிட்டு ஓட்டுப் போடப் போறோம், எந்த மூடுல போவோம்னு சொல்லவா வேணும். மாநில சராசரி 2024லயே 10,000 டாலரைத் தாண்டிடுச்சு. பில்லுல பாத்தா கவுன்டி, ஸ்கூல், ஊர்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க, ஸ்கூல் வரியே மொத்தத்துல பாதி கிட்ட வரும். "ஸ்டேட்"னு ஒரு லைன் தேடிப் பாருங்க, இருக்காது. கவர்னர் இந்த டாக்ஸை போடறதில்ல, 564 ஊரும் 600 கிட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்டும் 21 கவுன்டியும் போடுதுங்க. கவர்னர் கைல இருக்கறது ஸ்கூல் எய்டு (ஸ்கூலுக்கு ஸ்டேட் தர பணம்), அப்புறம் ஆங்கர் மாதிரி திரும்பத் தர காசு. ஆங்கர்னா சொந்த வீட்டுக்காரருக்கு வருமானம் 150,000க்குள்ள இருந்தா 1,500 டாலர், 250,000 வரைக்கும் 1,000, வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் 150,000க்குள்ளன்னா 450. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஐடின்னா பெரும்பாலும் நமக்கு நாமம்தான்.

சியாட்டரெல்லி இங்க சொன்னது, வீட்டோட அசெஸ்டு வேல்யூல (வரி போடறதுக்காக ஊர் பதிவேட்டுல குறிச்ச மதிப்பு) இத்தனை சதவீதத்துக்கு மேல டாக்ஸ் போகக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு. மேலோட்டமா நியாயமாத் தெரியும். ஆனா சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு ஊர்ல 6 லட்சம் டாலருக்கு விக்கற வீடு, ரெண்டுக்கும் டாக்ஸ் 12,000. ஒரு ஊர்ல இப்பதான் ரீவேல்யூவேஷன் முடிச்சாங்க, அசெஸ்டு வேல்யூ 6 லட்சம், அப்ப 2 சதவீதம். இன்னொரு ஊர்ல பல வருஷமா தொடவே இல்ல, பேப்பர்ல 2 லட்சம்தான், அங்க 6 சதவீதம். ஒரே வரி, ஒரே வீடு, ஆனா சதவீதம் மூணு மடங்கு. வரம்பை எந்த வேல்யூ மேல வைக்கறாங்கங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு. ஷெரில் பக்கம் பேசினது, சின்னச் சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளை ஒண்ணாச் சேக்கறது, செலவைப் பகிர்ந்துக்கறது. கணக்குப்படி சரி, ஆனா எந்த ஊர்க்காரங்களாவது எங்க ஸ்கூல் போர்டைக் கலைச்சுடுங்கன்னு சொல்லுவாங்களா? அந்த நல்ல ஸ்கூலுக்காகத்தானே நம்மாளுங்க கடன் வாங்கி அங்க வீடே வாங்கறோம்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு. நியூஜெர்சில தனிநபர் வருமான வரியா வர காசு முழுசும் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் குறைக்கறதுக்குத்தான் போகணும்னு மாநில அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஸ்கூல் எய்டு பெரும்பாலும் அந்தப் பெட்டில இருந்துதான். ஆக இன்கம் டாக்ஸையும் குறைப்பேன் ப்ராப்பர்ட்டி டாக்ஸையும் குறைப்பேன்னு ஒரே மூச்சுல யாராவது சொன்னா, ஒரு பெட்டில இருந்து எடுத்து அதே பெட்டியை நிரப்பறேன்னு சொல்ற மாதிரி, வேற எந்தச் செலவை வெட்டப் போறீங்கன்னு கேக்கணும். சியாட்டரெல்லி கம்பெனி வரியையும் குறைக்கணும்னார், லாபம் 10 மில்லியனுக்கு மேல போனா 11.5 சதவீதம், நாட்டுலயே அதிகம், அந்தக் குறை நியாயமானதுதான். ஆனா அந்தக் கூடுதல் 2.5 சதவீதம் பஸ், டிரெயின் ஓட்டற நியூஜெர்சி டிரான்சிட்டுக்குன்னு ஒதுக்கினது, டிரெயின் டிக்கெட் ஏற்கெனவே 2024 ஜூலைல 15 சதவீதம் ஏறினது ஞாபகம் இருக்குமே.

சேல்ஸ் டாக்ஸ் விளம்பரம் ரெண்டு பக்கமும் கூத்து. இப்ப 6.625 சதவீதம். சியாட்டரெல்லி 10 சதவீதம் ஆக்கப் போறார்னு ஷெரில் பக்கம் ஓட்டினாங்க, அவர் டென்னசி மாதிரி இன்கம் டாக்ஸ் இல்லாத மாநிலங்க எப்படி ஓட்டுதுன்னு பேசினதை வச்சு இழுத்தது அது, அவர் அப்படி இல்லவே இல்லன்னார். டிபேட்ல ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னு கேட்டப்ப ஷெரில் பிடி குடுக்காம நழுவினாங்க, உடனே ஏத்தப் போறாங்கன்னு அவர் பக்கம் விளம்பரம். ரெண்டையும் தள்ளுங்க. சேல்ஸ் டாக்ஸ் ஏத்தணும்னா சட்டசபை ஓட்டு வேணும், அவ்வளவுதான்.

வாஷிங்டன் சமாச்சாரத்தை தனியா ஓரம் கட்டுங்க. மாநில, உள்ளூர் வரியாக் கட்டினதை ஃபெடரல் வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கற சால்ட் கழிவோட உச்சவரம்பை 10,000 டாலர்ல இருந்து 40,000 ஆக்கினது 2025 ஜூலைல வந்த ஃபெடரல் சட்டம், அதுக்கு எந்த கவர்னர் கேண்டிடேட்டும் பேர் வாங்க முடியாது. ஆனா ஹட்சன் ஆத்துக்கு அடில வர 16 பில்லியன் டாலர் டிரெயின் டன்னலை நிறுத்திட்டேன்னு அக்டோபர்ல டிரம்ப் சொன்னப்ப, அவர் ஆதரவோட நின்ன சியாட்டரெல்லி பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. அங்க பேனா கவர்னர் கைல இல்ல, ஆனா அந்தக் கையோட பேசற உறவு எப்படின்னு பாக்கலாம்.

எங்க பாக்கறதுன்னா, பொதுப் பணத்துல மேட்சிங் ஃபண்டு (திரட்டின நன்கொடைக்கு ஏத்த மாதிரி அரசு தர பணம்) வாங்கற கேண்டிடேட்டுங்க ரெண்டு டிபேட்ல கலந்துக்கியே ஆகணும், அதை முழுசாப் பாருங்க, கிளிப் வேண்டாம். அடுத்து பட்ஜெட். 2025 ஜூன் 30ல மர்ஃபி கையெழுத்துப் போட்டது 58.8 பில்லியன், அதுல ஸ்கூல் எய்டு 12 பில்லியனுக்கு மேல, பென்ஷன் 7 பில்லியனுக்கு மேல. மூணுல ஒரு பங்கு இந்த ரெண்டுலயே போயிடுது, வேஸ்ட்டை வெட்டறேன்னு சொல்றவங்ககிட்ட இந்த ரெண்டையும் தொடுவீங்களான்னு கேட்டாலே பாதி பேச்சு அடங்கிடும். வருஷத்துக்கு எவ்வளவு வருமானம் வரும்னு சான்று குடுக்கறது கவர்னர், வரவுக்கு மேல செலவு போட சட்டம் விடாது, பட்ஜெட்ல பிடிக்காத செலவை மட்டும் அடிச்சு விடற அதிகாரமும் கவர்னருக்கு இருக்கு. புதுசா ஒரு செலவைச் சேக்கணும்னா சட்டசபை வேணும்.

மாமாவுக்கு அப்புறம் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன், பொறுமையாக் கேட்டார். "சரி, உனக்கு எவ்வளவு குறையும்?"னார். ஜூன் மாச பில் வரட்டும் மாமான்னு சொல்லி வச்சிருக்கேன்.