கடலுக்குக் காலை, மியூசியத்துக்கு மதியம்

கடற்கரையோரமாகக் காரில் சுற்றும் நாளில் மியூசியமும் பார்க்க வேண்டுமா? உச்சிவெயில் நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். காலையிலேயே உள்ளே போய்விட்டால், வெளியே வரும்போது மணல் சுடும், போட்டோவும் வெளிறிப்போகும். பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை. முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. பாறை இடுக்குகளில் நண்டு, நட்சத்திரமீன் பார்க்க நீர் வற்றும் நேரம்தான் சரி. பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். நீர் வற்றும் நேரமும் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கை நம்பிப் போய் முழங்கால் தண்ணீரில் நின்றவன் நான்.

டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் இருக்கட்டும். மணல் ஒட்டிய செருப்போடு மியூசியத்துக்குள் நடந்தால் நறநறவென்று கேட்கும், காவலர் திரும்பிப் பார்ப்பார்.